வியாழக்கிழமை பொருத்த வேண்டிய பற்கள்

கிளினிக்கின் ஷட்டர் பாதிதான் உயர்ந்திருந்தது. லீனா குனிந்து உள்ளே நுழைந்தாள். பல் டாக்டர் ஸ்ரீஹர்ஷா அப்போதுதான் வெள்ளைக் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தார்.

"மேடம், சாருக்கு வியாழக்கிழமைதானே அப்பாயின்ட்மென்ட்?"

"அப்பா போயிட்டாரு டாக்டர். காலைல ஏழு மணிக்கு. நெஞ்சு வலின்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் பதறினார்.

"பல்லு வந்துடுச்சா?"

கோட்டின் மறு கை அந்தரத்திலேயே நின்றது. "சனிக்கிழமையே லேப்ல இருந்து வந்துடுச்சு. ஏன் மேடம்?"

"வந்து மாட்டி விடுங்க. இப்பவே. பக்கத்து வீட்டு டீனா ஆன்ட்டி நர்ஸா இருந்தவங்க. இன்னும் ஒரு மணி நேரம் போனா தாடை விறைச்சுடும்ங்கிறாங்க."

அப்பா மதலைமுத்து நாற்பது வருடம் சேலைக்கடை நடத்தியவர். பல்லைக் காட்டிச் சொன்னால் எந்த விலையும் குறைவாகத்தான் கேட்கும் என்பது அவருடைய தொழில் ரகசியம். எழுபத்திரண்டு வயதில் ஒருநாள், ஒரு பட்டுச் சேலையின் பெருமையை அவர் விரித்துக்கொண்டிருந்தபோது பல்செட்டு நழுவி முந்தானைமேல் விழுந்தது. வந்தவள் சேலையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மறுநாள் அவர் கடைக்குப் போகவில்லை. எலும்பிலேயே ஸ்க்ரூ போட்டு நிரந்தரப் பல் வைக்கலாம் என்று லீனாதான் பிடிவாதமாக இங்கே அழைத்து வந்தாள்.

"லைஃப்டைம் கேரண்டி சார்" என்றார் டாக்டர்.

"யாரு லைஃப்? என்னோடதா, பல்லோடதா? பில்லுல தெளிவா எழுதிக் குடுங்க."

எட்டு ஸ்க்ரூ போட்டார்கள். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ள நாலு மாதம். அதன்பிறகே மேலே பல். பழைய செட்டு இனி உட்காராது என்று நினைத்த லீனா, அதை மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். அடுத்த முறை வந்தபோது டாக்டர் சாவகாசமாகக் கேட்டார்: "பழைய செட்டு எங்க சார்? உள்ள கொஞ்சம் குடைஞ்சு தர்றேன், அதுவரைக்கும் போட்டுக்கலாம்."

அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். "நாலு மாசம்தானே, விடுங்க டாக்டர்."

அந்த நாலு மாதமும் வாயில் கைக்குட்டை. ராகிக் கஞ்சி. கோயிலில் கடைசி பெஞ்சு. தெருவில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்திப் பேசிய மனிதர் பின்சந்து வழியாக நடக்கப் பழகினார். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள்.

இன்று காலை அந்த வாய் குழிந்து, உதடுகள் உள்ளே மடிந்து கிடந்தது. மாலையில் திறந்த சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று படம் எடுக்க வேண்டும். அந்தப் படம்தான் ஹாலில் மாட்டப்படும். தம்பி க்ளென் யோசனை சொன்னான்: "பூவை வெச்சு வாயை மறைச்சுடலாம்மா."

அம்மா அல்போன்சா அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "நாலு மாசம் யாருக்கும் காட்டாத வாயி. அதை இந்த ரிச்சர்ட்ஸ் டவுன் ஏரியாவே வந்து பார்க்கணுமா? பழசு இருந்தா மாட்டியாவது விட்டிருக்கலாம்." கடைசி வாக்கியத்தை லீனாவைப் பார்க்காமல்தான் சொன்னாள். அது முடிவதற்குள் லீனா செருப்பை மாட்டியிருந்தாள்.

"மேடம், இந்த மாதிரி யாரும் கேட்டதில்ல" என்று டாக்டர் இழுத்தார். "நான் பேஷன்டுக்குத்தான் செய்வேன்..."

"வியாழக்கிழமை வரைக்கும் அவரு உங்க பேஷன்டுதானே?"

அவர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

வீட்டில், அப்பாவின் கட்டிலருகே டாக்டர் மண்டியிட்டார். டீனா செல்போன் விளக்கைப் பிடித்தாள். லீனா அப்பாவின் மோவாயைக் கீழே இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"அப்பா, திறங்கப்பா" என்றாள், தன்னையறியாமல்.

மெல்லத் திறந்தது. ஸ்க்ரூக்களின் மேலிருந்த சின்ன மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கீழ்வரிசை, பிறகு மேல்வரிசை. சின்னத் திருப்புளி திரும்பும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் இறுகியதும் டாக்டர் பல்லை ஆட்டிப் பார்த்தார்.

"எலும்பு நல்லா பிடிச்சிருக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து, "ரொம்ப நல்லா பிடிச்சிருக்கு மேடம்" என்றார்.

டீனா விளக்கை அணைத்தாள்.

தாடையை மூடி, துணியால் கட்டினார்கள். கன்னங்கள் நிரம்பின. உதடுகள் தம் பழைய இடத்துக்கு வந்தன. விலையைச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே ஒரு பைசா இறங்காமல் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும். க்ளென் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். கருவிகளைத் துடைத்தார். பிறகு, எல்லா பேஷன்டுக்கும் கடைசியில் செய்வதுபோல், பெட்டியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகே உறைத்தது போலிருக்கிறது. கை அப்படியே நின்றது.

லீனா அதை வாங்கினாள். குனிந்து, அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிடி. அப்பா கண்ணுல வெயில் அடிக்குது பாரு."

லீனா கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாள்.