பிரபு வீட்டு வாள்

அண்ணன் தொகுஜி கல்குவாரிக்கு நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்தவன். நாலு படி ஏறினால் ஐந்தாவதில் உட்காருவான். அவன்தான் செத்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகையின் முதல் நாளன்று கோட்டை மேலிருக்கும் பிரபு வீட்டு அருங்காட்சியகத்துக்குப் போயே தீருவேன் என்று நின்றான். அடுத்த ஓபோனுக்குத் தான் இருக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் எல்லோரும் கல்லறைக்குப் போய் விளக்கேற்றுவார்கள். முதுகைக் காட்டிக் குந்தி, கைகளைப் பின்னால் கோத்து, செத்தவர்களை ஏறிக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குச் சுமந்து வருவார்கள். எங்கள் வீட்டுச் செத்தவர்கள் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான், யோஹெய் ஒருவரைத் தவிர. பஞ்சத்தில் நெல்வரியைக் குறைக்கச் சொல்லிப் பிரபுவின் பல்லக்கை மறித்தவர் அவர். தலையை வெட்டினார்கள். உடலைப் புது வாளுக்குக் கூர் பார்க்கக் கொடுத்தார்கள். கல்லறை கூடாது என்பது உத்தரவு. கூப்பிட ஓரிடம் இல்லாமல் பூட்டன் காலத்திலிருந்து வெளியிலேயே நிற்கிறார். அவர் உடம்பில் கடைசியாகப் பட்டது அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த வாள்தானே, அங்கேயிருந்து கூப்பிட்டால் என்ன என்பது அண்ணனின் கேள்வி.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. அவனைப் படியேற்ற ஆள் வேண்டுமே என்று போனேன்.

உள்ளே ஐஸ் போலக் குளிர். பிரபுவின் மனைவி அந்தக் கால வழக்கப்படி பல்லுக்குக் கறுப்பு பூசிக்கொண்ட கிண்ணம் பட்டு மெத்தையில் உட்கார்ந்திருந்தது.

“அம்மா ஆஸ்பத்திரியில கெடந்த மெத்தையவிட இது மெத்துன்னு இருக்கும் போலடா” என்றான் அண்ணன்.

வாளைப் பிடி கழற்றி வைத்திருந்தார்கள். பிடிக்குள் மறையும் இரும்பில் பொன்னெழுத்து: ஒரே வீச்சில் இரண்டு உடல்கள். பக்கத்தில் ஒருவர் அதை மட்டும் தனியாகப் படம் எடுத்தார். பொன் பூசியது அழகாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார்.

“இன்னொருத்தர் யாரோ” என்றான் அண்ணன். “அவர் வீட்ல யாராச்சும் மிச்சம் இருக்காங்களோ என்னவோ.”

பிறகு கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் குந்தினான். கைகளைப் பின்னால் கோத்தான்.

“ஏறிக்கோங்க. வீட்டுக்குப் போகலாம்.”

எழ முடியவில்லை. நான் தூக்கிவிட்டேன். வெள்ளைக் கையுறை போட்ட பெண் ஓடிவந்தாள். மயக்கமா என்று கேட்டாள். இல்லை, கும்பிட்டார் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் பழைய பிரபுவுக்கு இவ்வளவு மரியாதை வைத்திருப்பவரைப் பார்த்ததே இல்லை என்றாள். முன்னோர்கள் அந்த வீட்டில் சேவகம் செய்தவர்களா என்று கேட்டாள்.

“ஆமாம்மா. இந்தக் கத்திக்கு உடம்பு குடுத்தவரு” என்றான் அண்ணன்.

போரில் செத்த வீரர் என்று நினைத்துக்கொண்டாள். எவ்வளவு பெருமை என்றாள். பிறகு, மனசு கேட்காதவள்போலக் குரலைத் தணித்தாள்.

“உங்களுக்கு அசலைக் காட்ட முடியலையேன்னுதான் வருத்தமா இருக்குங்க, ஐயா. இது நகல். ஈரம் பட்டாத் துரு ஏறிடும்னு அசலைப் பெட்டகத்துல வெச்சிருக்கோம். மாசம் தவறாம எண்ணெய் போட்டுப் பத்திரமாப் பாத்துக்கறோம், கவலைப்படாதீங்க.”

அசலை ஒரு நிமிஷம் காட்ட முடியுமா என்று கேட்டேன். பிரபுவின் வாரிசு அனுமதிக்க வேண்டும், பண்டிகைக்கு அவர் ஊரில் இல்லை என்றாள். குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

நான் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகள் பின்னால் கோத்தபடியே இருந்தன.

வெளியே வெயில். கோட்டைப் படிகள் செங்குத்து. இரண்டு படி இறங்குவதற்குள் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கையை எடுத்துக் கம்பியைப் பிடிக்கச் சொன்னேன்.

“ஏறினவரை நடுவழியில எறக்கிவிடச் சொல்றியா?”

“அது நகல்ணே.”

“காது நல்லாத்தான் கேக்குது எனக்கு” என்றான். “வந்தவர் வந்தாச்சு. முன்னாடி நின்னு என்னைப் பிடி.”

முன்னால் இறங்கி நின்று அவன் தோளைப் பிடித்தேன். அவன் கையை எடுக்கவில்லை.