மச்சான் கொடுத்த குடை

என் மச்சான், அதாவது என் பெண்டாட்டியின் தம்பி, ஜென்மத்தில் எனக்குக் கொடுத்த ஒரே பொருள் ஒரு குடை. நீலக் குடை. மேலே வெள்ளையில் இரண்டு கை, நடுவில் ஒரு இதயம். உடலுறுப்பு தானத்துக்கென்று ஒரு அறக்கட்டளை இருக்கிறது, அவர்களுடைய சின்னம் அது. போன மழைக்காலத்தில் சந்தை வாசலில் பந்தல் போட்டு, இறந்த பின்னும் வாழுங்கள் என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் எதிரில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். பந்தலுக்குள் போன மச்சான் இரண்டு குடையோடு வந்தான்.

"இந்தாங்க அத்தான், ஒண்ணு உங்களுக்கு."

"சும்மாவா குடுக்கிறானுங்க?"

"ஒரு கையெழுத்துதான். செத்த பிறகு உள்ள இருக்கிறத எடுத்துக்குவானாம். எடுத்துக்கட்டுமே. இப்ப மழை பெய்யுதுல்ல?"

இரண்டு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. இனாம் என்றால் அவனுக்குக் கை நீளும் என்பது ஊருக்கே தெரியும். கொடுப்பதென்றால் மட்டும் கை மடங்கிவிடும். ஏணி இரவல் கேட்டால், "படி தேஞ்சிடும்" என்பான். அடுப்பு இரண்டு பேருக்கு எரிய வேண்டுமே என்று கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சாகக் கிடந்ததும் அந்தப் புத்தியால்தான். வீட்டு பல்பு ஃபியூஸ் போனதும், கடைக்குப் போகாமல், அடுக்குமாடியின் பொது மாடிப்படியில் எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்ற நாற்காலி போட்டு ஏறியிருக்கிறான். நாற்காலியும் யாரோ தூக்கிப் போட்டது. அதன் கால் உடைந்து, இவன் படியில் உருண்டு, மண்டைக்குள் ரத்தம் கட்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் என்னையும் என் பெண்டாட்டியையும் ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். நான் கொத்து வேலை பார்த்தவன். சுவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஈரம் ஊறி ஓதம் ஏறிய சுவர். அதை மறைக்கப் பெரிய பட்டாம்பூச்சிப் படம் மாட்டியிருந்தார்கள். மேசையில் கண்ணைத் துடைக்கக் காகிதம். வெளியே மழை. என் குடையை மூலையில் விரித்து வைத்தேன். அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்தார். "ரெண்டு தடவை சோதிச்சுப் பாத்துட்டோம். மூளை இறந்துடுச்சு. இனிமே அவர் இல்லை."

"மூச்சு விடுறானே?" என்றாள் என் பெண்டாட்டி.

"அது மிஷின் விடுதும்மா. மிஷினை எடுத்தா அதுவும் இல்லை."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். டாக்டர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒரு கதவால் போனார். அந்தக் கதவு சாத்தியதும் எதிர்க் கதவு திறந்து ஒரு பெண் வந்தாள். அறக்கட்டளைப் பெண். சாவைச் சொன்ன வாயாலேயே ஈரலைக் கேட்கக் கூடாதாம், அவர்கள் தொழிலில் அப்படி ஒரு மரியாதை. நல்ல நாற்காலிகள் காலியாக இருக்க, ஒரு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு, முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள். துக்கத்தில் இருப்பவர்களைவிட உயரமாக உட்காரக் கூடாதென்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். குரலையும் அதே உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"அம்மா, உங்க தம்பி எங்ககிட்ட உறுப்பு தானத்துக்குப் பதிவு செஞ்சிருக்காரு."

என் பெண்டாட்டி அழுகையை நிறுத்திவிட்டாள். "யாரு? என் தம்பியா?"

"ஆமாம்மா. சந்தை முகாம்ல."

"பாத்தீங்களா!" என்று என்னைப் பார்த்துத் திரும்பினாள். "கஞ்சன் கஞ்சன்னு வாய்க்கு வாய் சொன்னீங்களே. எம்புட்டு பெரிய மனசு அவனுக்கு!"

"பதிஞ்சிருந்தாலும் முடிவு உங்களோடதுதான்மா," என்றாள் அந்தப் பெண். "ஈரல் கெட்டுப்போன ஒருத்தங்க காத்திருக்காங்க. இனி ரொம்ப நாள் தாங்காது."

"யாரது? பணக்காரனா?" என்றேன்.

"சொல்லக் கூடாதுங்க ஐயா. வரிசைப்படிதான் போகும்."

"வரிசையில நானும் நின்னிருக்கேம்மா. நடுவுல பூந்தவன்தான் மொதல்ல போவான்."

அவள் கோபப்படவில்லை. கோபப்படாமலிருக்கத்தான் சம்பளம் போலிருக்கிறது. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் பெண்டாட்டியிடம் காட்டினாள். கொடுத்தவர் வீட்டுக்கு அவர்கள் தரும் கேடயமாம். பெயர் போடும் இடம் காலி. கீழே பொன்னெழுத்தில் அச்சடித்திருந்ததை எனக்காக வாசித்தாள்: "தன்னலம் கருதாது வாரி வழங்கிய வள்ளல்."

மாடிப்படி பல்பு என் கண் முன்னால் வந்தது. சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

பெண்டாட்டிக்கு என் இருமல்கள் எல்லாம் தெரியும். "ஏங்க, அன்னிக்கு நீங்கதானே அவன்கூடப் போனீங்க? உள்ளதைச் சொல்லுங்க. மனசாரக் குடுக்கிறேன்னு சொல்லியிருந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன். இல்லேன்னா என் தம்பி மேல ஒரு கீறல் விழ விட மாட்டேன்."

அந்தப் பெண் என் வாயையே பார்த்தாள். எங்கேயோ ஒருவன், பணக்காரனோ பிச்சைக்காரனோ, வயிறு வீங்கிக் கிடக்கிறான். ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் மச்சான் உயிரோடிருந்தபோதே அவனை நல்லவன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழுந்ததில்லை.

"குடைக்காகப் போட்டான்," என்றேன். "மழை பெஞ்சுது. குடை குடுத்தாங்க. போட்டான்."

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. கேடயப் படத்தை மெதுவாகப் பைக்குள் தள்ளினாள். அப்போதுதான் அவள் கண் மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குடைக்குப் போனது.

"ஐயா, இது உங்க குடையா?"

"ஆமா."

"அப்ப நீங்களும் பதிஞ்சிருக்கீங்களா?"

"நானா? எனக்கென்ன கிறுக்கா? இது மச்சான் குடுத்தது. ரெண்டு வாங்கிட்டு வந்தான்."

"ரெண்டு தர மாட்டோமே ஐயா. ஒரு ஆளுக்கு ஒரு குடைதான். அன்னிக்கு ஒரு பெரியவர் வந்து, எங்க அத்தானுக்கு நடக்க முடியல, அவருக்கும் சேர்த்து நானே போடுறேன்னு..." சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. "நாங்க அப்படி வாங்கியிருக்கக் கூடாது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அடப்பாவி! தன்னோடது போதாதுன்னு என் ஈரலையும் சேத்துக் குடுத்துட்டானா? படுபாவி, ஏணி தர மாட்டான், ஊரான் குடலை உருவிக் குடுப்பான்!"

என் பெண்டாட்டி குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுகையில் போய் நின்றாள். அந்தப் பெண் எந்தப் பக்கம் சேர்வதென்று தெரியாமல் காகிதப் பெட்டியை நீட்டியபடியே இருந்தாள்.

மூக்கைச் சிந்திவிட்டு என் பெண்டாட்டி சொன்னாள்: "எடுத்துக்குங்கம்மா."

"அம்மா, யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. அவன் மனசுல வள்ளலும் இல்லை, ஒண்ணும் இல்லை. குடையைக் கையில வாங்கினான்ல? ஆயுசு பூரா வாங்கினதுக்குப் பதில் குடுக்காமலே இருந்துட்டான். இந்த ஒரு வாட்டியாவது குடுத்துட்டுப் போகட்டும். ஈரல், கண்ணு, எது நல்லா இருக்கோ எடுத்துக்குங்க."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உதட்டைக் கடித்து உள்ளே தள்ளிக்கொண்டாள். காகிதத்தில் பெண்டாட்டி கையெழுத்துப் போட்டாள். பிறகு என் பக்கம் இன்னொரு காகிதமும் பேனாவும் வந்தன.

"ஐயா, உங்க பேரை நாங்க எடுத்துடுறோம். இதுல மட்டும் ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"பதிவை ரத்து செய்ய."

"நான்தான் போடவே இல்லையே. போடாத கையெழுத்தை எடுக்க ஒரு கையெழுத்தா?"

"அதுதான் முறைங்க ஐயா."

படித்தவர்கள் நீட்டும் பேனாவை நான் தொடுவதில்லை. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்தக் காகிதத்தில் ரத்து என்று இருக்கிறதா, இன்றைக்கே எடுத்துக்கொள் என்று இருக்கிறதா, யார் கண்டது?

"நான் எதுலயும் போட மாட்டேன்," என்றேன்.

"போடலேன்னா உங்க பேர் அப்படியே இருக்கும்."

"இருந்துட்டுப் போகுது."

"பயப்படாதீங்க ஐயா, அப்பவும் உங்க வீட்டுல கேட்டுட்டுதான் எடுப்போம்."

நான் பெண்டாட்டியைப் பார்த்தேன். "நான் குடுத்துடுவேன்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கேடயம் அடுத்த மாதம் வந்தது. கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் மச்சான் பெயரைப் படிக்கிறார்கள், கீழே வள்ளலைப் படிக்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. ஈரல் யாருக்குப் போயிற்று என்று இன்றுவரை சொல்லவில்லை. நன்றாக இருக்கிறார் என்று மட்டும் அந்தப் பெண் போனில் சொன்னாள். என் பெண்டாட்டி அதை மூன்று தெருவுக்குச் சொல்லிவிட்டாள்.

போன வாரம் குடையைப் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன். இந்த வயதில் அடுத்த நிறுத்தம் வரை ஓடினேன். கண்டக்டர் ஜன்னல் வழியாக நீட்டியபடி கேட்டார், "ஒரு இனாம் குடைக்கு இந்த ஓட்டமா பெரியவரே?"

"இனாமா?" என்றேன். "என் ஈரலைக் குடுத்து வாங்கினதுய்யா."