கேசட்டில் உள்ளபடி

"அப்பாடா, இன்னா படிடா இது!" என்று முனகிக்கொண்டே, பேஸ் கிட்டாரோடு, பேண்ட் ஒத்திகை நடக்கும் பூ மி ஹங் காப்பிக்கடை மாடிக்கு ஏறி வந்தார் அகுஸ்தேன். தமிழைக் கேட்டதும் கீபோர்டு முன்னால் இருந்தவன் எழுந்து வந்தான்.

"யாரு வேணும் அங்கிள்?"

அகுஸ்தேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் வேணுமாம்! 'பிரவுன் ரிவர்' சோல் மியூசிக் பேண்டை ஆரம்பித்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

வியட்நாமில் சண்டை ஓய்ந்து, ஊர்ப் பெயர் மாறி, அங்கே குடியேறியிருந்த பாண்டிச்சேரிக்காரர்கள் கூட்டம் கூட்டமாய் பிரான்சுக்குப் போனபோதும் அகுஸ்தேன் அசையவில்லை. பல வருஷம் கழித்து ஊரில் மறுபடி பார்கள் திறந்ததும், பாட ஒடெட், டிரம்ஸுக்கு கஸ்தோன் என்று பேண்டைத் தொடங்கினார். ஒடெட் கல்யாணமாகி மார்செய் போனாள். கஸ்தோனை அவன் பெண்டாட்டி மிரட்டி நிறுத்தினாள். அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள்: பிலிப்பைன்ஸ் பாடகி, இங்கிலீஷ் வாத்தியார், செருப்புத் தொழிற்சாலை ஜப்பான்காரர். உட்கார்த்தி வைத்துப் பாட்டைப் புகட்டி, அது ஒருவழியாய்ப் படிகிற நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும். வழியனுப்பக் கேக் வெட்டியே அவருக்குக் கை ஓய்ந்துபோனது.

வருகிறவனெல்லாம் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடப் பார்த்ததால்தான் அவர் ஒரு சட்டம் போட்டார். பேண்டில் இடம் வேண்டுமா? நம் முதல் கச்சேரி கேசட்டில் உள்ளபடி, நம் பெரிய பாட்டை எல்லோர் முன்னாலும் வாசி. மற்றவர்கள் கை தூக்கினால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

போன வருஷம் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. தலாத் ஊரில் மகள் வீட்டில் அவர் படுத்துக் கிடந்தபோது பழைய ஆட்கள் மொத்தமும் கழன்றுகொண்டார்கள். கடைசியாய்ப் போனவன் கேசட்டை, இப்போது கீபோர்டு வாசிக்கும் இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கார மெய்யப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது பேஸ் வாசிப்பது அமீர் அலி, பின்-யுவோங் வட்டாரத் தொழிற்சாலை இன்ஜினியர்.

அகுஸ்தேன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெய்யப்பன் தலையைச் சொறிந்தான். "ஐயோ, நீங்கதானா அது! ஆனா அமீரை எப்படி அங்கிள் சும்மா எந்திரிக்கச் சொல்றது? ரெண்டு பேரும் வாசிங்க. உங்க ரூல்தானே?"

என் பேண்டில் எனக்கே பரீட்சையா? கோபத்தை விழுங்கினார். இடுப்பு போன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது பேஸ் வாசிக்கிற இந்த ஒரு நாற்காலிதான்.

அமீர் அலி முதலில் வாசித்தான். நல்ல கை. கோரஸுக்கு முன்னால் எல்லோரும் சட்டென்று வாசிப்பை நிறுத்தினார்கள். ஒரு தாளம் வெறும் மௌனம். மறுபடி பிடித்தார்கள்.

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே அகுஸ்தேன் வாசித்தார். அந்த இடத்தில் அவர் விரல் வழக்கம்போலத் தடித்த கம்பிக்குத் தாவி, 'தும்' என்று அடித்தது. எல்லோரும் நிறுத்திய மௌனத்தில் அது தனியாக, தட்டு விழுந்த மாதிரி விழுந்தது. டிரம்ஸ்காரி சிரித்துவிட்டாள்.

"அங்கிள், அங்க கேப். கேசட்ல நோட்டே இல்ல" என்றான் மெய்யப்பன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதல் கச்சேரியில் அந்தக் கம்பி அறுந்துபோனது. அன்றைக்கு ஊர் முழுக்கத் தேடினாலும் பேஸ் கம்பி கிடையாது. மூன்று கம்பியில் ஒப்பேற்றினார், பேஸ் மட்டும் ஒலிக்க வேண்டிய அந்த இடத்தில் சும்மா நின்றார். அப்புறம் புதுக் கம்பி போட்டு அவரே பேஸ் வாசித்துவந்ததால் அந்த ஓட்டை யார் காதிலும் படவில்லை. கேசட்டைக் கேட்கும்போதெல்லாம் அவர் காது அதைத் தானாகவே நிரப்பிக்கொண்டது.

"அது கம்பி அறுந்ததுப்பா! அங்க நோட்டு உண்டு!"

"இருக்கலாம் அங்கிள். ஆனா ஜனங்க கைதட்டுறதே அந்த கேப்புக்குத்தான். அதுதான் நம்ம அடையாளம். கேசட்ல உள்ளபடின்னு நீங்கதானே சொன்னீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அமீர் அலிதான் இரக்கப்பட்டான். "இன்னொரு வாட்டி வாசிங்க அங்கிள்."

கிளம்பிப் போய்விடலாமா? போய் எங்கே உட்காருவது? வாசித்தார். அந்த இடம் வந்தது. தடித்த கம்பிக்குத் தாவத் துடித்த விரலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து நிறுத்தினார். மௌனம். அப்புறம் கோரஸ்.

"டுங் ரோய்!" சரியாக வந்துவிட்டதென்று டிரம்ஸ்காரி வியட்நாமியத்தில் கத்தினாள். முதல் கையைத் தூக்கியதே அமீர் அலி.

"வெல்கம் டு தி பேண்ட் அங்கிள்!" மெய்யப்பன் அவர் முதுகைத் தட்டினான். "கத்துக்கிட்டீங்க பார்த்தீங்களா! ஆனா சனிக்கிழமை வர்றதுக்கு முன்னாடி கேசட்டை இன்னொரு தடவை கேட்டுடுங்க."

அகுஸ்தேன் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரின் முறுக்காணியைத் திருகினார். தடித்த கம்பியை உருவிச் சுருட்டி மெய்யப்பன் கையில் வைத்தார்.

"இந்தா, இதை நீயே வச்சுக்க. கேசட்ல உள்ளபடி வாசிக்க மூணு கம்பி போதும்."