வெளி மிதவை வரை

மாலை நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கடைசிக் கயிறு கழன்றது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே கையகலம் தண்ணீர் தெரிந்தது. பிறகு தெரு அகலம்.

நான் கப்பலை ஓட்டுகிற அறையில், ஜன்னலோர மூலையில், மைக்கோடு நின்றிருந்தேன். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட தாள். அதில் ஒன்பது இடங்கள். கப்பல் துறைமுகத்தை விட்டுப் போகும்போது பயணிகள் எதை, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது என் வேலை. மூன்று வருடமாகச் சொல்கிறேன். அதற்கு முன் எட்டு வருடம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு தூக்கினேன்.

“புராணத்தை ஆரம்பி,” என்றார் கேப்டன். ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்வார்.

“வணக்கம். உங்கள் இடது பக்கம் தெரிவது மணிக்கூண்டு. நூற்றுப் பன்னிரண்டு படிகள். இந்த ஊரில் யாரும் அதைப் பார்த்து மணி சொல்வதில்லை. ஒன்பது நிமிடம் பின்தங்கி ஓடுகிறது.”

கீழ்த்தளத்தில் சிரிப்பு கேட்டது. அந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள்.

என் மைத்துனன் கப்பலில் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவனுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. எல்லோரும் அவனை இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தது நான். அவனை அனுப்பி வைத்த அன்று அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “உங்களை நம்பித்தான் விடறேன்.”

நான்கு நாளாக அவனுக்குக் கடைவாய்ப்பல் வலி. கப்பல் டாக்டர் மாத்திரை கொடுத்தார். இன்று காலையில் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. ஊருக்குள் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன் என்றான். பணியாளர்கள் மூன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும். தாமதத்துக்கு அவன் ஏற்கனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தான். மூன்றாவது வந்தால் வீடுதான்.

இருவரும் சேர்ந்துதான் இறங்கினோம். கப்பல் வாசலில் தேய்த்து உள்ளே நுழைகிற தன் அடையாளக் கார்டைக் கரையில் வைத்து என் சட்டைப் பையில் போட்டான்.

“திரும்பும்போது இதையும் சேர்த்துத் தேய்ச்சிடுங்க அத்தான். நான் நாலேகாலுக்குள்ள காய்கறி ஏத்துற கதவு வழியா வந்துடுவேன். அங்க நிக்கிறவன் நம்ம ஆளு.”

“மாட்டினா?”

“மாட்டினா பல்லோட சேர்த்து வேலையும் போச்சு. வலி ஒரேயடியாத் தீர்ந்துடும்.”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு முடியாது என்று சொல்ல வரவில்லை.

மூன்று இருபத்தெட்டுக்கு வாசல் காவலாளி ஒரு சமையல்காரரின் பையைக் குடைந்துகொண்டிருந்தார். என் கார்டைத் தேய்த்தேன். திரையில் என் முகம் வந்தது. அவன் கார்டைத் தேய்த்தேன். அவன் முகம் வந்து போனது. காவலாளி நிமிரவில்லை.

நாலேகாலுக்குக் காய்கறிக் கதவருகே போய் நின்றேன். முட்டைக்கோஸ் மூட்டைகள் ஏறின. முட்டை அட்டைகள் ஏறின. நான்கரைக்குக் கதவை மூடித் திருகினார்கள். சலவைக்கூடத்துக்கு ஓடினேன். நீராவியில் யார் முகமும் தெரியவில்லை. மேஸ்திரியின் குரல் மட்டும் வந்தது.

“எங்கய்யா உன் மச்சான்? எண்பது படுக்கை விரிப்பு அவனுக்காகத் தவம் கிடக்கு. மேளம் வெச்சு அழைச்சாத்தான் வருவாரா?”

“பல்லு வலி. படுத்திருக்கான்.”

“பல்லாலயா இஸ்திரி போடறான்?”

“காலையில வந்துடுவான்ணே.”

எங்கள் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை. மேல் படுக்கையில் போர்வை மடித்தது மடித்தபடி இருந்தது. ஃபோன் போட்டேன். அணைத்து வைத்திருந்தான். மைக்குக்கு நேரமாகிவிட்டது.

“இடது பக்கம், செங்கல் நிறத்தில் நீளமாகத் தெரிவது பழைய சுங்கக் கட்டடம். முந்நூற்று அறுபத்தைந்து ஜன்னல்கள் என்பார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா என்று தெரியவில்லை.”

கேப்டனுக்குப் பக்கத்தில் பைலட் நின்றிருந்தார். துறைமுகத்துக்குள் வழி சொல்வதற்காக ஏறுகிற ஊர்க்காரர். துறைமுக எல்லைக்கு அடையாளமாக மிதக்கிற வெளி மிதவை வரைதான் வருவார். அங்கே அவருடைய சின்னப் படகு வந்து கப்பலோடு ஒட்டிக்கொள்ளும். கயிற்றேணியில் இறங்கிப் போய்விடுவார். அதன் பிறகு இந்தக் கப்பலிலிருந்து கரைக்கு எதுவும் போகாது. அடுத்த துறைமுகம் வேறு நாடு. இரண்டு நாள் தூரம்.

இஸ்திரியின் பாஸ்போர்ட் நாலாம் தளத்து ஆபீஸ் அலமாரியில் இருந்தது. பணியாளர்கள் எல்லோருடையதும் அங்கேதான் இருக்கும். அவன் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. இன்று எட்டு மணி வரை ஊரில் இருக்கலாம் என்று முத்திரை போட்ட சீட்டு. எட்டு மணிக்குப் பிறகு அவன் யார் என்று சொல்ல அவனிடம் ஒன்றும் கிடையாது.

யாராவது கரையில் தங்கிப்போனால், அவர் பாஸ்போர்ட்டைக் கவரில் போட்டு பைலட்டிடம் கொடுத்தனுப்புவார்கள். இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதற்கு முதலில் கம்ப்யூட்டர் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் எல்லோரும் உள்ளே என்றது.

சொன்னால் என் வேலை போகும். அவன் வேலையும் போகும். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் மேஸ்திரி தேடுவார். பிறகு கப்பலே தேடும். உள்ளே வந்தவன் வெளியே போகவில்லை, உள்ளேயும் இல்லை என்றால், கடலில் விழுந்துவிட்டான் என்று எழுதுவார்கள். வீட்டுக்கு அப்படித்தான் ஃபோன் போகும். எடுப்பவள் என் மனைவி.

“வலது பக்கம், வட்டமான வெள்ளைக் கட்டடம், நகரத்தின் பெரிய மருத்துவமனை.”

கீழே நானூறு பேர் வலது பக்கம் நகர்ந்தார்கள். அங்கே எண்ணெய்த் தொட்டிகள் மட்டும் நின்றன. மருத்துவமனை இடது பக்கம்.

“என்னய்யா, மருத்துவமனையைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சிட்ட?” என்றார் கேப்டன்.

“மன்னிக்கவும். இடது பக்கம்,” என்றேன் மைக்கில்.

“வயசானவங்க நிறைய இருக்காங்க. இப்படி ஓட விட்டா மருத்துவமனை நிஜமாவே தேவைப்படும்.”

பைலட் சிரித்தார். என் பையில் ஃபோன் அதிர்ந்தது.

அந்த அறையில் ஃபோன் எடுக்கக் கூடாது. அடுத்தது தானியக் கிடங்குகள். எட்டு உருளைகள், அவற்றின் மேல் வரைந்த மீன்கள். மீன்களைப் பற்றி முழுதாகப் படித்து முடித்தேன். ஃபோன் நின்று, மறுபடியும் அதிர்ந்தது. கிடங்குக்கும் பாலத்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் உண்டு. கதவைத் தள்ளிக்கொண்டு வெளிப் படிக்கட்டுக்குப் போனேன்.

“அத்தான்.” வாய்க்குள் பஞ்சு இருப்பது கேட்டது. “எனக்கு முன்னாடி ஒரு அம்மா. நாலு பல்லு. ஒவ்வொண்ணுக்கும் எழுந்து உட்கார்ந்து கண்ணாடி பார்க்குது. நான் என்ன பண்றது?”

“இப்ப எங்கடா இருக்கே?”

“டாக்சியில. பாலத்து மேல. முன்னாடி ஒரு லாரி குறுக்கால கிடக்கு. அரை மணி நேரமா அசையலை.” நிறுத்தினான். “கப்பல் தெரியுது அத்தான். என்னைப் பார்த்துத்தான் வருது.”

நிமிர்ந்தேன். பாலம் முன்னால் இருந்தது. அதன் கம்பிகள் மாலை வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. கம்பிகளுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன.

“யாருகிட்டயும் சொல்லாதீங்க. நான் பஸ் பிடிச்சு அடுத்த துறைமுகத்துக்கு வந்துடறேன்.”

“பஸ்ஸா? நடுவுல எல்லை இருக்குடா. பாஸ்போர்ட் இல்லாம எப்படித் தாண்டுவே?”

“எதாவது பண்றேன்.”

“என்ன பண்ணுவே?”

டாக்சிக் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

“தேய்ச்சது நீங்கன்னு தெரிஞ்சா உங்களையும் சேர்த்துத்தான் அனுப்புவாங்க. எட்டு வருஷம் தட்டு தூக்கி வாங்கின மைக். சொல்லாதீங்க. அக்கா மேல சத்தியம்.”

“அவளை எதுக்குடா இழுக்கிறே?”

உள்ளேயிருந்து கேப்டன் கண்ணாடியைத் தட்டினார். ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

“இப்போது தொங்கு பாலத்துக்கு அடியில் போகப்போகிறோம். புகைபோக்கி இடித்துவிடும் என்று தோன்றும். இடிக்காது. நான்கு மீட்டர் இடைவெளி இருக்கிறது.”

“எதுக்கும் குனிஞ்சுக்கங்க தம்பி,” என்றார் பைலட். எல்லாக் கப்பலிலும் சொல்கிற ஜோக்காக இருக்க வேண்டும்.

தாளில் அடுத்த வரி இருந்தது. படித்தேன்.

“பாலத்தில் நிற்பவர்களுக்குக் கையசையுங்கள். அவர்களும் அசைப்பார்கள்.”

எல்லாத் தளங்களிலும் கைகள் எழுந்தன. மேலே வண்டிகளை விட்டு இறங்கியிருந்த ஆட்கள் கம்பியோரம் வந்தார்கள். நீலச் சட்டை போட்ட ஒருவன் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்தான். மறு கையை அசைத்தான். பாலத்தின் நிழல் எங்கள் மேல் விழுந்து, கடந்து, பின்னால் போனது.

மணி ஐந்து இருபத்திரண்டு. வெளி மிதவைக்கு இருபது நிமிடம்.

பழைய சிறைத் தீவைப் பற்றிப் படித்தேன். யாரும் தப்பித்ததில்லை என்று எழுதியிருந்தது. படித்து முடித்ததும் சுவரிலிருந்த ஃபோனை எடுத்து நாலாம் தளத்து ஆபீஸைக் கூப்பிட்டேன்.

“மேடம், சலவை இஸ்திரியோட பாஸ்போர்ட் கொஞ்சம் வேணும்.”

“எதுக்கு?”

“ஒரு நம்பர் பார்க்கணும்.”

“நம்பரா? சொல்றேன், எழுதிக்கோ.”

“இல்ல, பாஸ்போர்ட்டே வேணும்.”

“அது என்ன பொரிகடலையா, கேட்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுக்க? கேப்டனைச் சொல்லச் சொல்லு, தரேன்.” வைத்துவிட்டார்.

கேப்டன் மூன்றடி தள்ளி நின்றிருந்தார். பைலட் மிதவை ஜாக்கெட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார். மறு கையை நுழைத்தார். பட்டையை இழுத்து மாட்டினார். தூரத்தில் ஒரு சின்னப் படகு அலையில் ஏறி ஏறி வந்தது.

“கேப்டன்,” என்றேன்.

“இடது வலது மறந்துபோச்சா மறுபடியும்?”

“சலவை இஸ்திரி கரையில நின்னுட்டான். அவன் பாஸ்போர்ட்டை பைலட்கிட்ட குடுத்து அனுப்பணும்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவர் ஃபோனை எடுத்தார். “மேடம், சலவை இஸ்திரி எங்க?” கேட்டுக்கொண்டார். “உள்ளே இருக்கான்னு சொல்றாங்க. மூணு இருபத்தெட்டுக்குக் கார்டு தேய்ச்சிருக்கு.”

“பாலத்துல இருக்கான் சார். பார்த்தேன்.”

“எந்தப் பாலத்துல?”

“இப்ப தாண்டி வந்தோமே.”

“அப்போ கார்டு தானா நடந்து வந்துச்சா?”

பைலட் கதவருகே நின்றார். “படகு வந்தாச்சு கேப்டன். அலை இருக்கு. ரொம்ப நேரம் ஒட்டி நிக்காது.”

“ஒரு நிமிஷம்,” என்றார் கேப்டன். என்னிடம், “உள்ளே இருக்கிறவன் பாஸ்போர்ட்டைக் கரைக்கு அனுப்பிட்டு நாளைக்கு நான் யாருக்குப் பதில் சொல்றது? கார்டைத் தேய்ச்சது யாரு?”

“நான்.”

சுக்கான் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்தார்.

“நீ.”

“என் மச்சான் சார். பல்லு பிடுங்கப் போனான்.”

கேப்டன் ஃபோனில் பேசினார். “மேடம், அந்தப் பாஸ்போர்ட்டைக் கவர்ல போட்டு ஏணிக் கதவுக்குக் கொண்டு போங்க. லிஃப்ட்டுக்கு நிக்காதீங்க. ஓடுங்க.”

பைலட் போய்விட்டார். நான் வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். கப்பலின் பக்கவாட்டில் கதவு திறந்திருந்தது. கயிற்றேணி தொங்கியது. படகு ஏறும்போது ஏணியின் நாலாவது படியைத் தொட்டது. இறங்கும்போது ஆளுயரப் பள்ளம் விழுந்தது. பைலட் ஏணியில் கால் வைத்தார். மேடம் வரவில்லை. இரண்டு படி இறங்கினார். படகுக்காரன் எதையோ கத்தினான். பைலட் ஒரு கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். மூன்றாவது படி.

கதவிலிருந்து ஒரு மாலுமி குப்புறப் படுத்து ஒரு கையை நீட்டினான். கையில் மஞ்சள் கவர். பைலட் எட்டினார். எட்டவில்லை. ஒரு படி மேலே ஏறி வாங்கினார். ஜாக்கெட்டைத் திறந்து உள்ளே செருகிக்கொண்டார். படகு மேலே வந்தது. அவர் அசையவில்லை. இறங்கியது. மறுபடியும் மேலே வந்தபோது காலை எடுத்து வைத்தார். படகு கப்பலை விட்டு விலகியது.

கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினேன்.

உள்ளே கேப்டன் மைக்கின் பக்கத்தில் நின்றிருந்தார்.

“கலங்கரை விளக்கம் பாக்கி இருக்கு. படிச்சு முடி. அப்புறம் மைக்கை இங்கேயே வெச்சிட்டுக் கீழே போ. பெட்டி கட்டிக்கோ, அடுத்த துறைமுகத்துல இறங்கிக்கலாம்.”

“சரி சார்.”

“அதுக்கு முன்னாடி அவனுக்கு ஃபோன் போடு. சிக்னல் போயிடும். எட்டு மணிக்குள்ள பைலட் ஆபீஸ் வாசல்ல நிக்கச் சொல்லு. இங்கேயே நின்னு பேசு.”

ஃபோன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தான்.

“உன் பாஸ்போர்ட் பைலட் படகுல வருது,” என்றேன். “எட்டு மணிக்குள்ள பைலட் ஆபீஸ் போ. டாக்சியை விட்டுட்டு நடந்தாவது போ. அங்கிருந்து நேரா வீட்டுக்கு டிக்கெட் போடு.”

“வருதா? நிஜமாவா?” பின்னால் வண்டிகளின் ஹாரன் கேட்டது. அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்தது. “நான் உள்ளே இருக்கேன்னுதானே கம்ப்யூட்டர் சொல்லும்? எப்படி அத்தான் குடுத்தாங்க?”

கேப்டன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தான்? என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”