உள்ளங்கைச் சூடு

கடைக்காரர் மேசைமேல் நான்கு சாமான்களை எடுத்துவைத்தார். பாலை நுரைக்கவைக்க இத்தனை வழி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே போகிறது போகவேண்டும், கீழே வருகிறது வரவேண்டும், அவ்வளவுதான் என் ஞானம். பாலும் நுரையும் என் மனைவியின் சாம்ராஜ்யம்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் பல வருஷமாக அவள்தான் காப்பி போட்டுவந்தாள். அங்கே அவளுக்கு நுரையம்மா என்று பேர். காப்பியின்மேல் பாலாலேயே இலை வரைவாள். ஆள் பிடிக்காவிட்டால் தேள் வரைந்து கொடுப்பாள். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விளங்காமல் போய்விட்டது. இப்போது நடக்கிறாள். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கியே கையையும் மீட்டுக்கொண்டாள். கடை முதலாளி போனில் பேசியிருந்தார்: "ஒரு நாள் வந்து ஒரு கப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. சரியா வந்தா வேலை அவங்களுக்குத்தான். இதுக்கு மேல இடத்தக் காலியா வச்சிருக்க முடியாதுங்க." வீட்டில் பழகிப் பார்க்க ஒரு மிஷின் வாங்கத்தான் இந்தச் சாமான் கடைக்கு வந்திருந்தோம்.

முதலாவது பேட்டரியில் சுழலும் ஒரு கம்பி, முனையில் குட்டிச் சுருள். "காது குடையலாம்," என்று திருப்பி வைத்தாள். அடுத்தது மூடியில் தண்டு வைத்த கண்ணாடிக் குடுவை, மேலும் கீழுமாகக் குத்தவேண்டும். அதைத் தொடவே இல்லை. மூன்றாவதைக் கடைக்காரர் ஆசையாகத் தடவிக்கொடுத்தார்.

"இதுல பால ஊத்தி பட்டனத் தட்டினாப் போதும்மா. சூடு, நுரை எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். குழந்தகூடப் போடலாம்."

"அப்ப குழந்தைக்கே வித்துக்குங்க."

எனக்கென்னவோ அது பிடித்திருந்தது. "கைக்குச் சிரமம் இல்லையேம்மா," என்றேன்.

"சிரமப்படத்தானே கையத் திரும்ப வாங்கியிருக்கேன்," என்று சீறினாள்.

மிச்சம் இருந்தது நீராவிக் குழாய் வைத்த சின்ன மிஷின். காப்பிக் கடையில் அவள் கையாண்டதன் தம்பி மாதிரி இருந்தது. நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். ஆவியைத் திறக்கும் திருகு இறுக்கமா என்று பார்த்தேன். பால் ஜாடியில் தண்ணீர் நிரப்பி வலது கையால் தூக்கச் சொன்னேன். பிடித்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். கை நடுங்கவில்லை.

"உங்க லிஃப்ட்டக்கூட இவ்வளவு பாக்கமாட்டீங்க," என்றாள்.

கடைக்காரர் ஜாடியில் மாட்டும் வெப்பமானி ஒன்றை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டே வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "என்னோடது இங்க இருக்கு. இதுக்கு பேட்டரியும் வேணாம்."

அவள் தொழில் அப்படி. ஜாடியை உள்ளங்கையில் அணைத்துப் பிடித்திருப்பாள். இனிமேல் பிடிக்க முடியாது என்று கை சொல்லும்போது ஆவியை நிறுத்துவாள். பால் ஒருநாளும் தீய்ந்ததில்லை. நானும் கூடச் சிரித்தேன். மிஷின் எங்களோடு வந்தது, வெப்பமானி கடையிலேயே இருந்துவிட்டது.

மறுநாள் காலை காப்பிக் கடை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். இடது கை திருகில், வலது கை ஜாடியில். ஆவி முதலில் கீச்சிட்டது, பிறகு ஒரே சீராக இறங்கியது. "கேட்டீங்களா, இதான் சத்தம்," என்றாள். பால் சுழன்று பளபளவென்று ஏறியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தைப் பழையபடி பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சத்தம் தடித்தது. பால் ஜாடியின் விளிம்புக்கு வந்தது.

"இன்னும் சூடு ஏறலயே," என்றாள். "நல்லா பாத்து வாங்கினீங்க."

மிஷினில்தான் கோளாறு என்று நானும் குனிந்து பிளக்கை ஆட்டினேன். அதற்குள் பால் பொங்கி என் கையில் தெறித்தது. துள்ளிவிட்டேன். "விடு! விடுடீ!" அவள் என்னை ஒன்றும் விளங்காமல் பார்த்தாள். பால் அவள் விரல்களுக்கு மேலே வழிந்துகொண்டிருந்தது. ஜாடியைப் பிடுங்கினேன். உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. அவள் ஒரு சத்தம் போடவில்லை.

அவள் கையைக் குழாயடியில் பிடித்தேன்.

"தண்ணி விழறது தெரியுதா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே. பிடி வந்துச்சு, இது மட்டும் வரல. சொன்னா மூஞ்சியத் தூக்கிவச்சுக்குவீங்க." கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பால் சூடு மட்டும் தெரிஞ்சிடும்னு நெனச்சேங்க. அது என் கைக்குப் பழகின சூடாச்சே."

அமுக்கு, தூக்கு, திருகு என்று நாங்கள் எல்லாரும் அந்தக் கையைப் பாடாய்ப் படுத்தியிருந்தோம். சுடுகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"வெப்பமானி வாங்கிடலாம்," என்றேன்.

"கூட்ட நேரத்துல முள்ளப் பாத்துக்கிட்டு நிக்கிறவள யாருங்க வச்சுக்குவா? எரிச்சலே தெரியாத கைய ஆவிகிட்ட யாரு விடுவா?"

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீடு திரும்பினோம். முதலாளிக்கு அவளே போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இன்னும் கழற்றாத ஏப்ரனின் முடிச்சை ஒரு கையால் அவிழ்க்க வராமல் என் பக்கம் முதுகைத் திருப்பினாள். அவிழ்த்துவிட்டேன்.

"இந்த மிஷின மாத்திட்டு, குழந்தகூடப் போடலாம்னாரே கடைக்காரர், அத வாங்கிட்டு வந்துடுங்க," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானமாவது செய்திருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.