ஓடக்காரனின் மூன்றாவது வசனம்

ஜப்பான்காரர்கள் தங்கள் வீடியோ கேமிலிருந்து வேண்டாமென்று ஒதுக்கிய ஓடக்காரன் ஒருவன், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆம்பூர்ப் பாலத்துக்குக் கீழே, சொட்டுத் தண்ணீரில்லாத பாலாற்று மணலில், ஓடத்தோடு வந்து நின்றான். அன்று மார்க்கெட்டில் தக்காளி மலிவு. ஷிப்டுக்குப் போனவர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். ஆள் உயரம் கம்மி. உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கிட்டே போனவர்களிடம், "எங்க போவணும்?" என்று கேட்டான். பதில் சொன்னால், "தண்ணி வரட்டும், போவலாம்" என்றான். மூன்றாவதாக, "ஞாயித்துக்கெழம சாயந்தரம் அக்கரைல" என்று ஆரம்பித்து, பாதியில் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டான். மோவாய்க்குக் கீழே, வீடியோ கேமில் வசனம் இன்னும் பாக்கி என்று காட்டுகிற சின்ன முக்கோணம் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் என்னய்யா என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டது.

ஃபஹீமுக்கு மட்டும் அவன் யாரென்று தெரியும். ஃபஹீம் ஷூ கம்பெனியில் டிசைன் செக்‌ஷன். தோலைக் கம்ப்யூட்டரில் பரப்பி, வேஸ்டேஜ் வராமல் ஷூவின் துண்டுகளை அதில் நெருக்கி அடுக்குவது வேலை. அந்த வேலையில் மனுஷன் கில்லாடி. வீட்டுக்கு வந்தால், கையில் பிடித்து ஆடும் பழைய கேம் மெஷின்களுக்கான ஜப்பானியக் கதைகளைத் தமிழாக்குவான். ஜப்பானிய மொழி அவனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. அதைத் தமிழில் எழுதித் தருகிறவள் குடியாத்தம் பூரணி. லுங்கி நெய்கிற பவர்லூம் வீட்டுப் பெண், ஜப்பான் மெஷின்களின் கையேடுகளை மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிறவள். அவள் அனுப்புவதை ஆட்டத்துக்குள் பொருத்துவது இவன் பாடு. இரண்டே எழுத்தில் ஜப்பான்காரன் சொல்லிவிட்டுப் போவதற்குத் தமிழில் ஒரு முழு வரி வேண்டும். திரையில் இருப்பதோ மூன்று வரிக்கு இடம். அவள் ஒரு பானை எழுதினால் இவன் ஒரு டம்ளர் எடுப்பான். "நீ இன்னா ஷூ தைக்கிறியா, கத சொல்றியா? என் வாயக் கட்டிப்போட்டு இன்னாத்த கண்ட?" என்று குரல் பதிவில் கத்துவாள். அந்தத் திட்டைக் கேட்டுக் கேட்டே அவனுக்கு அவள்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. வருஷங்கள் போயின. ஆம்பூரிலிருந்து குடியாத்தத்துக்கு பஸ் இருக்கிறது, பாலமும் இருக்கிறது, அரை நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் பஸ்ஸில் ஏறினால் நாலு பேர், "இன்னா பாய், குடியாத்தத்துல இன்னா வேல?" என்பார்கள். இரண்டு வீடுகளிலும் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். அவன் ஏறவேயில்லை.

கடைசியாகச் செய்த ஆட்டத்தில்தான் ஓடக்காரன் கிடைத்தான். ஆட்டத்தைச் செய்தவர்கள் அவனைக் கதையிலிருந்து வெட்டிவிட்டு, அவன் வசனங்களை மட்டும் உள்ளேயே மறந்து விட்டிருந்தார்கள். எந்த ஆட்டக்காரன் கண்ணிலும் படாத வசனங்கள் அவை. பொருத்துகிறவன் ஒருவன்தான் பார்ப்பான். பூரணி முதல் இரண்டையும் உள்ளபடியே மொழிபெயர்த்தாள். மூன்றாவதில் ஜப்பானியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் மனதில் இருந்ததை ஃபஹீமுக்கு எழுதினாள். வாயால் சொல்ல வெட்கம், பாவம். இந்தப் புண்ணியவான் என்ன செய்தான்? நீளமான வரிகளைத் தானாக நறுக்க ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். கண்ணால்கூடப் பார்க்காமல் மொத்தத்தையும் அதில் தள்ளினான். சரிபார்க்க அவன் அனுப்பிய பிரதியில் தன் வரி அரையாகக் கிடப்பதை அவள் பார்த்தாள். அதுதான் அவன் பதில் என்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் குரல் பதிவு இல்லை, திட்டு இல்லை, ஒன்றுமில்லை. ஏனென்று தெரியாமல் அவன் ஒரு மழைக்காலம் முழுக்கத் தவித்தான். கேட்டும் பதிலில்லை. அவள் பெயராவது வெளியில் வரட்டும் என்று ஆட்டத்தை அப்படியே வெளியிட்டான். அதற்கு மறுநாள்தான் அந்த வெள்ளிக்கிழமை.

பாலத்துக்குக் கீழே மூன்றாவது வசனத்தைக் கேட்டவுடன் அவனுக்குப் புரிந்துவிட்டது. இது ஓடக்காரன் பேச்சே இல்லை, பூரணி பேச்சு. வீட்டுக்கு ஓடி அவளுடைய பழைய மெயிலைத் திறந்து முழுசாகப் படித்தான். படித்துவிட்டுச் சத்தம் போட்டு அழுதான். பிறகு அந்த வரியை ஒரு எழுத்து குறையாமல் உள்ளே வைக்க உட்கார்ந்தான். ஆட்டத்தில் இடமில்லை. எதையாவது எடுத்தால்தான் இதை வைக்க முடியும். கடைசித் திரையில் இருந்த தன் பெயரை எடுத்தான், மிச்சமான இடத்தில் வரி முழுசாக உட்கார்ந்தது. பெயரை அழித்த நொடியில் கம்பெனி அடையாள அட்டையில் பெயர் இருந்த இடம் வெள்ளையானது. ஆதாரிலும் காணோம். சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா, வாயைத் திறந்துவிட்டு மகன் பெயர் வராமல், "பேட்டா" என்று சமாளித்தாள். சூப்பர்வைசர், "டிசைன் தம்பி" என்றார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே அவன் பெயரை எழுத முடிவதுகூடப் பின்னால் பூரணி சொல்லித்தான்.

அந்த ஞாயிறு சாயங்காலம் அவன் ஆற்றில் இறங்கினான். வேடிக்கை பார்க்கப் பாலம் நிறைய ஜனம். எங்கே போகணும் என்று கேட்டு, தண்ணீர் வரட்டும் என்று சொல்லி, ஓடக்காரன் மூன்றாவது வசனத்தை முழுசாகச் சொன்னான். "ஞாயித்துக்கெழம சாயந்தரம் அக்கரைல நிக்கிறேன். பஸ்ல வர பயமா இருந்தா ஓடத்துல வா. தண்ணி வர்ற வரைக்கும் காத்துனு இருக்காத. வர்றியா?"

"வர்றேன்" என்று ஏறிக்கொண்டான். மணலில் ஓடம் சரசரவென்று நகர்ந்தது. பாலத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அக்கரை டீக்கடைக்காரர் காசிநாதன் சொல்கிற கணக்குப்படி, அந்தப் பெண் அந்த வரியை எழுதியதிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் அங்கே வந்து நின்றிருக்கிறாள். கோபம் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம். இவன் இறங்கி எதிரில் போய் நின்றான். தான் யாரென்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்வதற்குப் பெயர் இல்லை.

"ஃபஹீம், இவ்ளோ நாளா படிக்கறதுக்கு?" என்றாள் அவள்.

இரண்டு வீட்டிலும் இன்னும் பேச்சு எடுக்கவில்லை. தாலுகா ஆபீசில் பெயருக்கு மனு கொடுத்திருக்கிறான். அது நடக்கும்போது நடக்கும். ஆம்பூரில் அவனை இப்போதும் டிசைன் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் வேண்டுமென்று தோன்றினால் ஓடத்தில் ஏறி அக்கரைக்குப் போய்விடுகிறான்.