ஐந்தாம் வெள்ளை

பல்செட் செய்து கொடுப்பவர் அவர். இருபது விதப் பல் வெள்ளையையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லும் கண். அந்தக் கண்ணோடு ஒன்பது வருடமாக மொட்டைமாடித் தொலைநோக்கியில் வியாழனைப் பார்த்துவந்தார். அதன் மேகப் பட்டைகளில் எண் கொடுத்து வைத்திருக்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் கோளின் நடுக்கோட்டை எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று குறித்து ஊர் வானியல் சங்கத்துக்கு அனுப்புவார். சங்கத்தில் அவர் குறிப்பென்றால் மறுபேச்சு கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவசரமாக ஒரு பல்செட்டை ஒட்டித் தர வேண்டியிருந்தது. மாடிக்கே போகவில்லை. ஒரு நாள் விடுபடுவதாவது என்று பழைய குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டு, 'ஐந்தாம் வெள்ளைப் புள்ளி, 7.12' என்று நேரில் பார்த்ததுபோல் எழுதி அனுப்பிவிட்டார்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவர் மச்சினனும் அதே மாலை பார்த்திருந்தான். 'ஐந்தாம் வெள்ளையைக் காணோம். நான்காம் வெள்ளை மட்டும் பெரிதாக இருக்கிறது' என்று எழுதியிருந்தான். சங்கச் செயலாளரான கணக்கு டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"லிஃப்ட்டுல மேலயும் கீழயும் பாத்துப் பழகின கண்ணு. குறுக்க போறது தெரியல" என்று பல்செட்காரர் சொன்னதும் சங்கமே சிரித்தது. மச்சினனும் சிரித்தான்.

பத்து நாள் கழித்து வெளிநாடுகளிலிருந்து படங்கள் வந்தன. அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமையே நான்காம் வெள்ளை ஐந்தாவதை விழுங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். படங்களை மேசையில் பரப்பிவிட்டு டீச்சர் நிமிர்ந்தார். "சார், அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்க என்ன பாத்தீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான்.

"ஏதாவது துண்டு மேகம் அதே இடத்துல நின்னிருக்கும் டீச்சர். மாமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்கறவரு, தப்பா எழுத மாட்டாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவரும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தான் ஊரைக் கூட்டிக் கேலி செய்தவன் தனக்காகப் பரிந்து பேசுவதைக் கேட்டபோது உடம்பெல்லாம் கூசியது.

"துண்டு மேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் அன்னிக்குப் பாக்கவே இல்ல. கணக்குப் போட்டு எழுதினேன்."

"இந்த ஒண்ணுதானா?" என்றார் டீச்சர்.

"சத்தியமா இந்த ஒண்ணுதான்."

"நான் நம்பறேன். ஆனா படங்கள வச்சு ஒவ்வொண்ணா சரிபாக்கற வரைக்கும் உங்க குறிப்ப எதுக்கும் எடுத்துக்க முடியாது."

டீச்சர் நோட்டை எடுத்து, அவர் பெயர் வந்த இடங்களிலெல்லாம் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட ஆரம்பித்தார். ஒன்பது வருடம். பக்கம் புரண்டுகொண்டே இருந்தது. அவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "என்னை மன்னிச்சிடு மாப்ள" என்றார்.

மச்சினன் தெருமுனைவரை நடந்த பிறகு சொன்னான்.

"அந்த வாரமே நான் கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன் மாமா."

"என்ன சொன்னாரு?"

"கண்ணுல ஒரு குறையும் இல்லன்னாரு. நான் அவரை நம்பல, உங்களைத்தான் நம்பினேன்."